கமாக்கா அடித்த வரி

நாடாளுமன்றக் கட்டடத்தைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். தூண்கள், அதற்கு மேலே கூரை, கூரைக்கு மேலே கொடி. குனிந்து பார்க்க யாருக்குத் தோன்றும்? குனிந்தால் தரையை ஒட்டிக் கம்பி போட்ட ஒரு சன்னல் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு அந்தச் சன்னல் வழியாகப் போகிறவர் வருகிறவர் செருப்பு மட்டும்தான் தெரியும். அந்த அறையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தவள்தான் கமாக்கா.

அது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அவள் பார்த்த வேலை வைத்த பெயர். மேலே மண்டபத்தில் ஒரு மசோதா நிறைவேறிவிட்டால் அதோடு அது சட்டமாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதுதான் இல்லை. உறுப்பினர்கள் அங்கே ஒரு சொல்லை வெட்டியிருப்பார்கள், இங்கே இரண்டு சொல்லை ஒட்டியிருப்பார்கள். அத்தனையையும் சேர்த்துச் சுத்தமான ஒரு பிரதி அச்சாக வேண்டும். அதில்தான் நாட்டின் தலைவர் கையெழுத்துப் போடுவார். அந்தப் பிரதியில் சபை சொன்னது அத்தனையும் இருக்க வேண்டும், சபை சொல்லாதது ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது. அதைப் பார்த்துச் சொல்கிற வேலை கமாக்காவுக்கு.

ஒற்றை ஆள் வேலை இல்லை அது. எதிர் நாற்காலியில் ஒருவர் இருந்தார். அவருக்குப் பெயர் ரேடியோ. சபை நிறைவேற்றிய மூலத் தாளை அவர் உரக்க வாசிப்பார், அச்சகத்திலிருந்து வந்த பிரதியில் கமாக்கா விரல் வைத்துத் தொடர்வாள். "பிரிவு மூன்று, உட்பிரிவு அ, தானம் செய்பவர், கமா, தன் சொந்த விருப்பத்தின் பேரில், கமா, மருத்துவர் முன்னிலையில்" என்று அவர் கமா, புள்ளி எதையும் விடாமல் வாசித்துக்கொண்டே போவார். ஒவ்வொரு பத்தி முடிவிலும் கமாக்கா "சரி" என்பாள். தப்பு இருந்தால் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுப்பாள். ஒரு நாளைக்கு நானூறு "சரி" சொன்னதுண்டு. வீட்டுக்குப் போனால் கணவர் மளிகைப் பட்டியலை வாசிக்கும்போதும் "சரி, சரி" என்று தலையாட்டுவாள். "என்கிட்ட பேசறியா, கடைக்காரன் சீட்டைச் சரி பாக்கறியா?" என்று அவர் கேட்பார்.

அந்த வீட்டில் இன்னொரு ஆளும் உண்டு, கணவரின் தங்கை. கமாக்காவுக்கு நாத்தனார். தையல்காரி. கத்தரிக்கோலை விட வாய் கூர்மை. இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. சன்னலைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்பதில் தொடங்கினால் சாயங்காலம் வரை போகும். கணவர் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பார்.

அப்படிப்பட்ட நாத்தனாருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இயந்திரத்தோடு கிடக்க வேண்டும். அண்ணன் தருகிறேன் என்றார், அவருக்குச் சர்க்கரை. பெற்றவர்கள் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கமாக்காவையும் சோதித்தார்கள். அப்படியே பொருந்தியது! டாக்டரே ஆச்சரியப்பட்டுப் போனார். "கூடப் பொறந்தவங்களுக்கே இவ்வளவு பொருந்தாது" என்றார்.

"சண்டை போட்டுப் போட்டே ஒண்ணா ஆயிட்டோம் போல இருக்கு" என்றாள் நாத்தனார். அண்ணி கொடுக்கத் தயங்குவாளோ என்ற பயத்தை அப்படித்தான் மறைத்தாள். கமாக்கா தயங்கவில்லை. பயந்தாள், தயங்கவில்லை. கத்தி என்றால் யாருக்குத்தான் பயம் இருக்காது?

தடை வேறு இடத்தில் இருந்தது. உறுப்பு தானச் சட்டத்தில் யார் யாருக்குக் கொடுக்கலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன், மனைவி, தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள். எட்டு உறவு. அண்ணன் மனைவி அதில் இல்லை. ஏமாற்றி உறுப்பை வாங்குகிறவர்களைத் தடுக்க எழுதிய பட்டியல் அது, நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். சுகாதாரத் துறைக்குப் போனார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நல்ல மனிதர். "சட்டத்துல இருக்கறதச் செய்யறதுதான் எங்க வேலைங்க. இல்லாததச் செஞ்சா நான் உள்ள போயிருவேன்" என்றார். நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி ஓர் அம்மா. காகிதம் முழுவதையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கும் கஷ்டமாத்தான்மா இருக்கு. எழுதியிருக்கறது என்னன்னு நான் படிச்சுச் சொல்லலாம். புதுசா எழுத முடியாது. எழுதற இடம் வேற" என்றார்.

எழுதுகிற இடம் எது? நாடாளுமன்றம். நீதிமன்றப் படிக்கட்டில் இறங்கும்போது கமாக்காவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருடம் அந்தக் கட்டடத்துக்குள்தான் டிபன் டப்பாவும் குடையுமாகப் போய் வந்திருக்கிறாள். துறை கை விரித்தாலும் நீதிமன்றம் கை விரித்தாலும் ஒருவர் கடைசியாக வந்து நிற்க வேண்டிய வாசல் அது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ஊழியர் என்பதால் அவள் எந்த உறுப்பினரையும் போய்ப் பார்க்கக் கூடாது. தன் மேலதிகாரியிடம் மட்டும் வீட்டு விஷயத்தைச் சொல்லி வைத்தாள். தொகுதி உறுப்பினருக்கு மனு எழுதியது கணவர்தான். அந்த உறுப்பினர் முன்பு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும். எதிர்க்கட்சி. ஆனால் விடாக்கண்டர். ஒன்றரை வருடம் கழித்து அந்தச் சட்டத்தைத் திருத்த அரசே ஒரு மசோதா கொண்டுவந்தது, ஆஸ்பத்திரிகளின் உரிமம் பற்றி. டீச்சர் அதில் இரண்டு திருத்தம் கொடுத்தார். ஏழாம் எண் திருத்தம், சட்டப் பிரிவில் ஒன்பதாவதாக ஓர் உறவைச் சேர்க்க: கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தோர், அல்லது உடன்பிறந்தோரின் கணவன் அல்லது மனைவி. பத்தொன்பதாம் எண் திருத்தம், அதே உறவைப் பின்னால் இருக்கும் ஆஸ்பத்திரிப் படிவத்தில் சேர்க்க. படிவமும் சட்டத்தின் அங்கம்தான். படிவத்தில் உறவு இல்லாவிட்டால் எந்த ஆஸ்பத்திரியும் கத்தியைத் தொடாது.

செவ்வாய்க்கிழமை மசோதா வந்தது. கீழ்த்தள அறையின் சுவரில் ஒரு ஒலிபெருக்கி உண்டு, மேலே நடப்பது அதில் கேட்கும். கமாக்காவும் ரேடியோவும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தார்கள். ஏழாம் திருத்தத்தை டீச்சர் முன்மொழிந்தார். அமைச்சர் எழுந்து, எல்லோரும் வியக்கும்படி, "அரசு ஏற்றுக்கொள்கிறது" என்றார். ஆம் என்பவர் ஆம் என்க என்றார் சபாநாயகர். மேலே நூற்றுக்கணக்கான தொண்டைகள் ஒன்றாக "ஆம்" என்றன. ஒலிபெருக்கி அதிர்ந்தது. ரேடியோ மேசையைத் தட்டினார். "கமாக்கா! ஒரே வார்த்தை, பாத்தீங்களா? எத்தனை வருஷமா முட்டிக்கிட்டு நின்ன கதவு!"

இனி நடந்ததைக் கேளுங்கள், வயிற்றெரிச்சல்! டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மண்டபத்துக்கு வெளியே ஓடி, கமாக்காவின் கணவருக்குப் போன் போட்டார். "உங்க தங்கச்சிக்கிட்டச் சொல்லுங்க, வேலை முடிஞ்சுது" என்றார். அவர் அழுதார், டீச்சர் அவரைத் தேற்றினார். நாலு நிமிடம். அந்த நாலு நிமிடத்துக்குள் சபாநாயகர் கடகடவென்று கடைசிப் பக்கத்துக்கு வந்து, "பத்தொன்பது" என்று கூப்பிட்டார். இருக்கை காலி. "உறுப்பினர் இல்லை. முன்மொழியப்படவில்லை" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். மசோதா நிறைவேறியது. டீச்சர் திரும்பி வந்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டினார். கீழேயும் யாரும் கேட்கவில்லை. ரேடியோ மேசையைத் தட்டிய தட்டலில் எங்கே கேட்பது?

புதன்கிழமை காலை அச்சகத்திலிருந்து பிரதி வந்தது. ரேடியோ வாசித்தார், கமாக்கா தொடர்ந்தாள். பிரிவில் ஒன்பதாவது உறவு வந்தபோது அவள் "சரி" கொஞ்சம் சத்தமாகவே வந்தது. கடைசியில் படிவம். ரேடியோ மூலத் தாளில் இருந்ததை வாசித்தார். "எட்டு, பேரன் அல்லது பேத்தி, முற்றுப்புள்ளி. பத்தி. உறவை உறுதிசெய்யும் சான்றுகள், முக்காற்புள்ளி."

கமாக்காவின் விரல் நின்றது. அவள் கையிலிருந்த அச்சுப் பிரதியில் எட்டுக்குப் பிறகு ஒன்பது இருந்தது. கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தோர் என்று தொடங்கும் முழு வரி, கறுப்பு மையில், பளிச்சென்று. அச்சகத்தில், உறுப்பினர்கள் கொடுத்த திருத்தங்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே கோத்து வைத்துவிட்டு, தேறாததைப் பிறகு நீக்குவார்கள். இதை நீக்க மறந்திருந்தார்கள். அவள் எட்டி மூலத் தாளைப் பார்த்தாள். ஓரத்தில் சபைச் செயலாளர் கையெழுத்தில் இருந்தது: 19, முன்மொழியப்படவில்லை.

அவளுக்கு விஷயம் முழுக்க ஒரே நொடியில் புரிந்துவிட்டது. சபை இந்த வரியைச் சொல்லவில்லை. சொல்லாத வரி பிரதியில் இருக்கிறது. இந்த வரி போனால் நாத்தனாருக்கு ஆஸ்பத்திரி இல்லை. நாளை வியாழக்கிழமை கூட்டத்தொடரின் கடைசி நாள், அப்புறம் நான்கு மாதம் சபை இல்லை. "நாலு மாசம்னா என்னால உறுதி சொல்ல முடியாது" என்று டாக்டர் போன வாரம்தான் சொல்லியிருந்தார். நாத்தனார் கையில் ஊசி போட நரம்புகூட அகப்படவில்லை.

"என்ன கமாக்கா, தூங்கிட்டீங்களா?" என்றார் ரேடியோ.

"சரி" என்றாள் கமாக்கா.

அவ்வளவுதான் செய்தது. பேனாவை எடுக்கவில்லை, ஒன்றும் எழுதவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் பொய்யாக ஒரு "சரி". ரேடியோ அடுத்த பத்திக்குப் போய்விட்டார்.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. டீயும் ஆறிப்போயிற்று. யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு மனம் சொன்னது. டீச்சர் கேட்டதுதானே, அமைச்சர் ஒப்புக்கொண்டதுதானே, நாலு நிமிடப் போன் பேச்சுக்காக ஒரு உயிரா என்று அதே மனம் கேட்டது. நியாயமான கேள்வி, நானாக இருந்தால் அதோடு எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன். அப்போதுதான் ஒலிபெருக்கியில் சபை தொடங்கியது. ஏதோ ஒரு விவாதம். பிரதமர் குறுக்கே எழுந்து பேச ஆரம்பித்தார். "பிரதமர் அவர்களே, உட்காருங்கள். உங்கள் முறை வரவில்லை" என்றார் சபாநாயகர். நாற்காலி நகர்கிற சத்தம். நாட்டையே நடத்துகிற மனிதர் உட்கார்ந்துவிட்டார்.

இதைப் போல் நூறு தடவை கேட்டிருக்கிறாள். அன்றைக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. பிரதமருக்கு ஒரு வரி வேண்டுமென்றாலும் அந்த மண்டபத்தில் எழுந்து கேட்டுத்தான் வாங்க வேண்டும். நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தன்னால் முடியாது என்றாரே, அந்தக் காரியத்தை நான் கீழ்த்தளத்தில் ஆறின டீயோடு உட்கார்ந்து, ஒரு "சரி"யில் செய்துவிட்டேனா? இன்றைக்கு என் நாத்தனாருக்காக ஒரு வரி நுழைந்தால், நாளைக்கு இதே நாற்காலியில் உட்காருகிறவள் யாருக்காக எதை நுழைப்பாள்? மேலே நூற்றுக்கணக்கான பேர் தொண்டை கிழியக் கத்துவதெல்லாம் எதற்கு?

அவள் பிரதியை இழுத்தாள். சிவப்புப் பேனாவைத் திறந்தாள். ஒன்பதாவது வரியின் மேல் கோடு இழுக்க எத்தனை நேரம் ஆகும்? இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியும் அவளுக்கு நாத்தனாரின் கைதான் தெரிந்தது, ஊசி போட்டுப் போட்டுக் கன்றிப்போன கை. கோடு கோணலாகத்தான் வந்தது.

"ரேடியோ, காலையில நான் சொன்ன ஒரு சரி பொய். திரும்ப வாசிங்க."

ரேடியோ பார்த்தார், வரியைப் படித்தார், கோட்டைப் பார்த்தார். "கமாக்கா, இது உங்க..." என்றார்.

"வாசிங்க."

மேலதிகாரி அம்மா விஷயத்தைக் கேட்டுப் பேயறைந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார். அப்புறம் தாளை எடுத்துக்கொண்டு செயலாளரிடம் ஓடினார், செயலாளர் சபாநாயகரிடம் ஓடினார். பதில் சாயங்காலத்துக்குள் வந்தது. "எழுத்துப் பிழையென்றால் நானே திருத்தலாம். ஓர் உறவைச் சேர்ப்பது பிழைதிருத்தம் இல்லை, அது சட்டம் செய்வது. அது என் கையிலும் இல்லை, சபையின் கையில்தான். நாளை சபையைக் கேட்கிறேன். ஒரே ஒரு உறுப்பினர் எதிர்த்தாலும் மறுபடி திறக்க முடியாது."

ஆஸ்பத்திரிக்குப் போனாள் கமாக்கா. நாத்தனார் இயந்திரத்தோடு படுத்திருந்தாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் முகம் மாறியிருந்தது, சிரித்த முகமாகவே இருந்தாள். மறைக்கத் தெரியாமல் கமாக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், பொய்ச் "சரி" உட்பட.

நாத்தனார் கூரையைப் பார்த்தபடி கேட்டாள். கேட்டு முடித்து மெதுவாகச் சொன்னாள்: "அது பாட்டுக்கு இருந்த வரிய நீங்க ஏன் அண்ணி அடிச்சீங்க? குடுக்க மனசில்லன்னா நேராவே சொல்லியிருக்கலாம்ல?"

எத்தனையோ சண்டையில் எத்தனையோ வார்த்தை கேட்டவள் கமாக்கா. பதிலுக்குப் பதில் கொடுத்தவள். இதற்கு வாய் வரவில்லை. ஏனென்றால் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, கோடு போட்டபோது கத்திக்குத் தப்பினோம் என்ற நினைப்பு ஓர் ஓரத்தில் எட்டிப் பார்த்ததோ என்று அவளுக்கே சந்தேகமாகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

வியாழக்கிழமை மேலதிகாரி அம்மா ஒரு அனுமதிச் சீட்டைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். "மேல வாங்க. அதிகாரிகள் மாடத்துல எனக்குப் பக்கத்துல உக்காருங்க. பேசக் கூடாது, தலையாட்டக் கூடாது. உங்க 'சரி'ய மறந்தும் சொல்லிடாதீங்க."

கூட்டம் நடக்கும்போது கமாக்கா அந்த மண்டபத்தைப் பார்த்ததே இல்லை, கேட்டதோடு சரி. கதவைத் தள்ளியதும் கால் நின்றுவிட்டது. அம்மாடி! எவ்வளவு பெரிய இடம்! வளைந்து வளைந்து இறங்கும் இருக்கைகள், மேலே கண்ணாடிக் கூரையிலிருந்து கொட்டும் வெயில். ஆனால் அவளை உலுக்கியது அந்தப் பிரமாண்டம் இல்லை. இருக்கைகளில் இருந்தவர்கள்தான். ஒருவர் மூக்கைச் சிந்தினார், ஒருவர் கொட்டாவி விட்டார், ஓர் அம்மா கைப்பையில் மாத்திரை தேடினார். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற மாதிரி மனிதர்கள். இவர்கள் ஒன்றாக வாயைத் திறந்து "ஆம்" என்றால் ஊரெல்லாம் ஆஸ்பத்திரி கத்தியை எடுக்கிறது, "இல்லை" என்றால் எடுப்பதில்லை. இவ்வளவு சாதாரண ஆட்களிடம் இவ்வளவு பெரிய காரியமா என்று அவளுக்கு மூச்சடைத்தது.

சபாநாயகர் விஷயத்தைச் சொன்னார். பத்தொன்பதாம் திருத்தம் முன்மொழியப்படவில்லை, ஆனால் அச்சுப் பிரதியில் வந்துவிட்டது, அலுவலகம் அதைக் கண்டு நீக்கியது, இப்போது பிரிவு ஒன்று சொல்கிறது படிவம் இன்னொன்று சொல்கிறது. "மசோதாவை மறுபடி திறக்கச் சபை அனுமதிக்கிறதா? எதிர்ப்பு உண்டா?"

டீச்சர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அமைச்சர் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். எந்தக் கட்சியிலும் சேராதவர். அவருக்கு ஆட்சேபணை என்றுதான் பெயர். எதையும் எதிர்ப்பார், காற்று வீசினால்கூட. மேலதிகாரி அம்மா கமாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை முடிச்சத வியாழக்கிழமை திறக்கறதா?" என்றார் அவர். "இன்னிக்கு நல்ல வரிக்குத் திறப்பீங்க. நாளைக்குக் கெட்ட வரிக்கும் இதே கதவத் திறப்பீங்க. கடைசி நாள், எல்லாருக்கும் ஊருக்குப் போற அவசரம். அவசரத்துல ஆம் சொல்றதுக்கு நான் ஆள் இல்ல."

கமாக்காவுக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில், சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவளுக்குக் கோபம் வரவில்லை. நேற்று மத்தியானம் சிவப்புப் பேனாவைத் திறந்தபோது தான் நினைத்ததைத்தான் அந்த மனிதர் சொல்கிறார். ஓர் ஆள் எழுந்து வேண்டாம் என்றால் நூற்றுக்கணக்கான பேர் நிற்க வேண்டியிருக்கிறதே, அதற்குப் பயந்துதானே தான் கோடு இழுத்தாள்! தன் வீட்டையே உடைக்கப்போகிற அந்த விதியை அவள் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதிர்க்கிறீர்களா?" என்றார் சபாநாயகர்.

"முதல்ல வாசிக்கச் சொல்லுங்க. படிவம் முழுக்க. எல்லாரும் கேக்கட்டும். கேட்டுட்டுச் சொல்றேன்."

செயலாளர் எழுந்து வாசித்தார். முதல் வரியிலிருந்து. பெயர், வயது, நோய், மருத்துவர் சான்று. மூக்கைச் சிந்தியவர் நிமிர்ந்தார். மாத்திரை தேடிய அம்மா பையை மூடினார். மண்டபம் அடங்கி அடங்கி, கூரையில் ஒரு புறா சிறகடிப்பதுகூடக் கேட்டது. உறவுகள் வந்தன. ஒன்று, தாய் அல்லது தந்தை. இரண்டு, மகன் அல்லது மகள். கமாக்கா உதடு அசையாமல் ஒவ்வொன்றுக்கும் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். எட்டு, பேரன் அல்லது பேத்தி. அப்புறம் அந்த ஒன்பது. அவள் அடித்த வரி, அத்தனை பேருக்கும் நடுவில், வெளிச்சத்தில், முழுதாக ஒலித்தது.

ஆட்சேபணை இன்னும் நின்றுகொண்டிருந்தார். "இந்த வரி அச்சுல வந்திருந்துச்சுன்னு சொன்னீங்க. விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது, இல்லையா?"

"தெரிந்திருக்காது" என்றார் சபாநாயகர்.

"ம்" என்றார் அவர். உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் எழுந்து பத்தொன்பதாம் திருத்தத்தை முன்மொழிந்தார். குரல் உடைந்தது. ஆம் என்பவர் ஆம் என்க. ஒலிபெருக்கியில் கேட்ட "ஆம்" வேறு, நேரில் கேட்ட "ஆம்" வேறு. மரப் பலகை வழியாக அது கமாக்காவின் உள்ளங்காலில் ஏறியது. ஆட்சேபணையின் வாயும் திறந்து மூடியதை அவள் கண்ணால் பார்த்தாள். மேலதிகாரி அம்மா சொல்லி வைத்ததை மறந்து, அவள் முணுமுணுத்தே விட்டாள்: "சரி."

அன்று சாயங்காலமே மறுபடி பிரதி வந்தது. ரேடியோ வாசித்தார். ஒன்பதாவது வரிக்கு வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு நாலு ஊருக்குக் கேட்கிற மாதிரி வாசித்தார். ஒன்பது நாளில் நாட்டின் தலைவர் கையெழுத்துப் போட்டார், அரசிதழில் வந்தது. அத்தனை நாளும் நாத்தனார் கமாக்காவோடு பேசவில்லை. திட்டக்கூட இல்லை. சன்னல் திறந்திருந்தது, யாரும் மூடவில்லை. அதுதான் கமாக்காவுக்குத் தாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் புதிய படிவம் வந்துவிட்டது. எழுத்தர் அதை மேசையில் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். கணவர் சுவரோரம் நின்றார், நாத்தனார் சக்கர நாற்காலியில் இருந்தாள். கமாக்கா வழக்கம்போல் முதல் வரியிலிருந்து விரல் வைக்க ஆரம்பித்தாள். எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"குடுங்க இங்க" என்றாள் நாத்தனார். கன்றிப்போன கையால் தாளை வாங்கிக்கொண்டாள். பிறகு, பத்து நாள் கழித்து, வாயைத் திறந்து வாசித்தாள். "ஒன்று, தாய் அல்லது தந்தை, முற்றுப்புள்ளி. இரண்டு, மகன் அல்லது மகள், முற்றுப்புள்ளி." ரேடியோவைப் போலவே. எங்கே கற்றாளோ! அண்ணி சமையலறையில் முணுமுணுப்பதை இத்தனை வருடம் கேலி செய்தவள், கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறாள். எட்டு வரிக்கும் கமாக்கா "சரி" சொன்னாள். ஒன்பதில் நாத்தனாரின் குரல் நின்றது.

"இதுல நீங்க அடிச்ச கோடு எங்க அண்ணி?"

"அது பழைய பிரதியில. அந்தப் பிரதி கிழிச்சாச்சு."

"வெச்சிருக்கலாம்ல" என்றாள் நாத்தனார். "அன்னிக்கு அப்படிக் கேட்டேனே, அந்தக் கோட்ட அந்த வார்த்தை மேல போட்டிருக்கலாம்." கண்ணீர் தாளில் விழப் பார்த்தது, சட்டென்று தாளை நகர்த்திக்கொண்டாள். "நான் இல்லாம சன்னல யார்கூடச் சண்ட போட்டு மூடுவீங்க? வாசிக்கறேன், கேளுங்க. ஒன்பது. கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தோர், கமா, அல்லது உடன்பிறந்தோரின் கணவன் அல்லது மனைவி, முற்றுப்புள்ளி."

கமாக்கா எழுத்தரிடமிருந்து பேனாவை வாங்கி, ஒன்பதாவது வரிக்கு நேரே தன் முழுப் பெயரையும் எழுதினாள். நாத்தனார் இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றாள் கமாக்கா.